மார்ல்பி வம்சத்தின் பதின்மூன்றாம் சேர்

புஷ்பராணி தன் மருமகனை ஒரு மனிதனாகக் கணக்கில் எடுக்கப் பதினொரு வருடம் பிடித்தது. அதுவும் அவன் ஏதும் செய்து முன்னேறியதால் அல்ல. இங்கிலாந்தில், அவள் கண்ணால் கண்டிராத ஒரு கிழவர், கடற்கரையோர முதியோர் விடுதி ஒன்றில் காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது செத்துப்போனதால்.

மருமகனின் பெயர் கொலின் மார்ல்பி. மொன்றியல் தீவின் மேற்கு மூலையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், பல்கலைக்கழகத்தின் விவசாய வளாகத்து மாட்டுத் தொழுவத்துக்குப் பொறுப்பாக இருப்பவன். தொண்ணூறு பசு. பால் கறக்கும் மெசினைப் பூட்டுவது, கழற்றுவது, கன்று போடும்போது பக்கத்தில் நிற்பது, சாணி அள்ளும் மெசின் இறுகினால் கையால் அள்ளுவது. மகள் சாருஜா இவனைக் கூட்டிவந்து நிறுத்தியபோது புஷ்பராணி இரண்டு நாள் சமைக்கவில்லை. மூன்றாம் நாள் தனக்கே பசித்ததால் சமைத்தாள். ஸ்காபரோவில் இருந்து சொந்தக்காரர் தொலைபேசி எடுத்து "மாப்பிள்ளை என்ன செய்யிறார்" என்று கேட்டால், "யூனிவர்சிற்றியிலை இருக்கிறார்" என்பாள். பொய் இல்லை, தொழுவம் பல்கலைக்கழகத்துடையதுதான். "புரொபெசரோ" என்று யாராவது தோண்டினால், "அந்தப் பக்கம்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று தொலைபேசியை வைத்துவிடுவாள்.

புஷ்பராணிக்கு அறுபத்தேழு வயது. நோத்ர-டாம்-த-கிரேஸில், ஷெர்புரூக் வீதிக்கு ஒரு தெரு தள்ளி, மூன்றாம் மாடியில் முப்பத்தாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். அலுவலகம் கூட்டித் துடைத்து, பகலில் பிறர் பிள்ளை பார்த்து, சனி ஞாயிறு பலகாரம் சுட்டு விற்று, ஒரே மகளைப் படிப்பித்தாள். அவள் செய்த எதுவும் பிழையாகப் போனதில்லை. பிழையாகப் போனவை எல்லாம் கணவர் அரியரத்தினம் செய்தவை. யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளார்க்காக இருந்து, இங்கே பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற அந்த மனிதர் இதை மறுத்துப் பேசியதில்லை. மறுத்துப் பேசுவதும் பிழைகளில் ஒன்று என்று அவருக்குத் தெரியும்.

வெள்ளையன்தான் என்று ஆன பிறகு, புஷ்பராணி ஒரு நிபந்தனை போட்டாள். கட்டுவதென்றால் நம் முறையில் கட்ட வேண்டும். கொலின் "ஓகே, மாமி" என்றான். வேட்டி கட்டினான், தலைப்பாகை வைத்தான், ஓமப் புகையில் இரண்டு மணித்தியாலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்தான். நானூறு பேர் சாப்பிட்டார்கள். இங்குள்ள ஐயர்மார் மந்திரத்தைப் பாதியில் விழுங்குகிறார்கள் என்பது புஷ்பராணியின் கட்சி. அதனால் ரொறன்ரோவில் இருந்து ஒரு ஐயரைக் கூட்டிவந்தாள். அவர் ஒரு எழுத்தைக்கூட விழுங்கவில்லை. ஆனால் கியூபெக்கில் சட்டப்படி கலியாணம் செய்துவைக்க அவரிடம் பத்திரம் இல்லை. ஆகவே எழுத்துக்கு, அதாவது பதிவுக்கு, நீதிமன்றக் கட்டடத்தில் தனியாக நாள் எடுக்க வேண்டியிருந்தது.

அந்த நாள்தான் வரவே இல்லை. முதலில் ஆடி மாதம், அதில் எவரும் நல்ல காரியம் செய்வதில்லை. பிறகு புரட்டாதியில் ஒரு செவ்வாய் கிடைத்தது. புஷ்பராணி பஞ்சாங்கத்தை விரித்தாள், அட்டமி. மாற்றினார்கள். ஐப்பசியில் அரியரத்தினத்தின் தமையன் கரவெட்டியில் கண்ணை மூடினார், முப்பத்தொரு நாள் தீட்டு, துடக்கு. பிறகு மார்கழி. தையில் நாள் நல்லது, நேரமும் நல்லது, ஆனால் அன்றைக்குக் கொட்டிய பனியில் நீதிமன்றமே பூட்டிக் கிடந்தது. பங்குனியில் செய்வார்களா? சித்திரையில் செய்யலாம் என்றிருந்தபோது சாருஜாவுக்கு வயிற்றுவலி எடுத்து, மூத்தவன் பிருந்தன் பிறந்துவிட்டான். பிள்ளை பிறந்தாலும் துடக்குத்தானே. அது கழிந்து, பிள்ளை பிறந்து முப்பத்திரண்டாம் நாள், சாருஜாவும் கொலினும் கைக்குழந்தையோடு போய்க் கையெழுத்து வைத்தார்கள். பதிவு செய்த அம்மா குழந்தையைப் பார்த்து "கொம் இலே போ" என்றாள். வடிவான பிள்ளை என்று அர்த்தம். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. மூன்று வருடம் கழித்து இளையவன் டனிஸ்ரன் பிறந்தான்.

அப்படி இருக்கும்போதுதான், சென்ற மாசியில் ஒரு ஞாயிறு, புட்டும் கணவாய்க் கறியும் நடுவே வைத்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, கொலின் இங்கிலிஷில் ஒரு கதை சொன்னான்.

"எனக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரர் ஹம்ஃப்ரி செத்துப்போனார். அவருக்குப் பிள்ளை இல்லை, என் அப்பாவும் இப்போது இல்லை. அதனால் நான் சேர் ஆகிவிட்டேனாம்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சாருஜாவும் சிரித்தாள். அரியரத்தினம் மட்டும் கையில் எடுத்த புட்டைத் தட்டில் வைத்தார்.

"என்ன சொல்லுறான்?" என்றாள் புஷ்பராணி.

"மருமகன் சேராம்."

"எந்தப் பள்ளிக்கூடத்திலை?"

"வாத்தியார் சேர் இல்லையப்பா. பட்டம். பரம்பரைச் சேர். பரொனெற் எண்டு சொல்லுறது. ராசா ஆளைப் பாத்துக் குடுக்கிற சேர் எண்டால் அந்த ஆளோடை போயிடும். இது தேப்பனுக்குப் பிறகு மகன், அவனுக்குப் பிறகு அவன்ரை மகன். எங்கடை கச்சேரியிலை இருந்த பழைய புத்தகங்களிலை இப்பிடிப் பேர்கள் கிடந்தது."

"வீடு வளவு இருக்கோ?"

அரியரத்தினம் கேட்டுச் சொன்னார். "இல்லையாம். வீடு எப்பவோ போயிட்டுதாம். இப்ப அது கொல்ஃப் விளையாடுற ஹோட்டலாம்."

"அப்ப என்னத்தைத்தான் குடுக்கிறது?"

"பேருக்கு முன்னாலை ஒரு சொல்லு."

புஷ்பராணி யோசித்தாள். பேருக்கு முன்னால் ஒரு சொல்லுக்காகத் தன் சனம் என்ன பாடுபட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். டொக்டர் என்ற ஒரு சொல்லுக்குப் பன்னிரண்டு வருடம் ஒரு பிள்ளையைக் கதவைப் பூட்டி வைத்துப் படிப்பிக்க வேண்டும்.

"இதுக்கு என்ன படிக்க வேணும்?"

"ஒண்டும் படிக்கத் தேவையில்லை. பிறந்தால் காணும்."

"அப்ப இவருக்குப் பிறகு பிருந்தனோ?"

"ஓம். மூத்த பொடியன்."

புஷ்பராணி எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சட்டியோடு வந்தாள். அடியில் ஒதுக்கி வைத்திருந்த நல்ல கணவாய்த் துண்டுகளை, அரியரத்தினத்துக்கு என்று வைத்திருந்தவற்றை, மருமகனின் தட்டில் வழித்துப் போட்டாள். கொலின் பயந்துபோய்ச் சாருஜாவைப் பார்த்தான்.

அடுத்த கிழமை அவன் ஒரு புத்தகம் கொண்டுவந்தான். மார்ல்பி குடும்பத்து மாமி ஒருத்தி கலியாணம் கட்டாமல் இருந்து எழுதித் தன் செலவில் அச்சடித்தது. அரியரத்தினம் மூக்குக்கண்ணாடியும் அகராதியுமாக அதற்குள் இறங்கினார். புஷ்பராணி மரக்கறி வெட்டும்போது பக்கத்தில் இருந்து கதை சொன்னார்.

முதலாவது சேர் ரோஜர் மார்ல்பி கம்பளி வியாபாரி. அப்போதைய ராசாவுக்குக் கையில் காசில்லை. முப்பது படையாட்களுக்கு மூன்று வருடச் சம்பளத்தைக் கட்டுகிறவனுக்குப் பரம்பரைப் பட்டம் என்று அறிவித்தார். ரோஜர் கட்டினார். இரண்டாவது சேர், ராசாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை வந்தபோது இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று, கடைசியில் வென்ற பக்கத்தில் இருந்தார்.

"கெட்டிக்காரன்," என்றாள் புஷ்பராணி.

நான்காவது சேர் சீட்டாட்டத்தில் வீட்டை வைத்தார். ஐந்தாவது அதை மீட்கப் பணக்காரியைக் கட்டினார். ஏழாவது சேர் குதிரையில் ஏறி ஒரு வேலியைத் தாண்டப் பார்த்தார். குதிரை தாண்டவில்லை, அவர் மட்டும் தாண்டினார். எட்டாவது சேருக்கு ஆறு பெண் பிள்ளைகள். ஆறும் கணக்கில் இல்லை. பட்டம் தம்பிக்குப் போனது.

"ஆறு பொம்புளைப் பிள்ளையும் என்ன செய்ததுகள்?"

"அதைப் பற்றி இதிலை ஒண்டும் இல்லை."

"இருக்காது."

ஒன்பதாவது சேருக்கு மூன்று ஆண். மூத்தவனுக்குப் பட்டம், இரண்டாமவனுக்குப் பட்டாளம், அங்கேயே கலியாணம் கட்டாமல் செத்தான். மூன்றாமவனுக்கு ஒரு பெட்டியும் கப்பல் ரிக்கற்றும். அவன்தான் மொன்றியலுக்கு வந்து ரயில் கம்பனியில் கிளார்க்காகச் சேர்ந்த கொலினின் பாட்டன்.

"அங்கை பங்கு இல்லாமல் இஞ்சை ஓடி வந்தது," என்றாள் புஷ்பராணி. "எங்கடை ஆக்கள் மாதிரித்தான். இதைச் சொல்லியிருந்தால் அப்பவே சம்மதிச்சிருப்பன்."

இப்போது செத்த ஹம்ஃப்ரி பதினொராவது. கொலின் பன்னிரண்டு. பத்து வயதுப் பிருந்தன், லவாலில் வீடும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடமும் பல்லுக்குக் கம்பியுமாக இருக்கிறவன், பதின்மூன்று.

புஷ்பராணி இதை யாருக்கும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவர்களைத் தவிர. சொல்ல வேண்டியவர்கள் என்று அவள் குறித்து வைத்திருந்தவர்களுக்குச் சொல்லி முடிக்கப் பத்து நாள் எடுத்தது. அவர்களில் முக்கியமான ஆள் அனுசூயா. தமிழ்நாட்டுக்காரி. கீழ்த் தெருவில் சொந்த வீடு. கணவர் ஆனந்தகிருஷ்ணன் நாற்பது வருடம் பொறியியல் படிப்பித்த, "அந்தப் பக்கம்" இல்லாத உண்மையான புரொபெசர். மகன் ஹர்ஷ் பாஸ்டனில் இதய டொக்டர். பதினைந்து வருடமாக அந்த இதயத்தைப் புஷ்பராணி பஸ் தரிப்பிடத்தில் வைத்துக் கேட்டு வந்திருக்கிறாள்.

"உங்க பேரனுக்கு இங்கிலாந்துல ஏதோ பட்டமாமே?" என்றாள் அனுசூயா.

"இப்ப மருமகனுக்கு. அவருக்குப் பிறகுதான் மூத்த பேரனுக்கு."

"அதுக்கு என்னங்க பரீட்சை?"

"பரீட்சை இல்லை. ரத்தத்திலை இருக்க வேணும்."

அனுசூயா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். வரவில்லை. "எங்க ஹர்ஷும் ரத்தத்துலதான் வேலை பாக்கறான்," என்றாள். ஆனால் குரலில் பழைய பலம் இல்லை. புஷ்பராணி அன்றைக்கு இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கதைத்தாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சேர் என்று நீயாகச் சொல்லிக்கொள்ள முடியாது. லண்டனில் பட்டக்காரருக்கென்று ஒரு பதிவேடு உண்டு. நான்தான் வாரிசு, எனக்குப் பின் இன்னார் என்று கடுதாசிகளோடு நிரூபித்தால்தான் அதில் பெயர் ஏறும். கொலினுக்கு இதில் ஒரு ஈடுபாடும் இல்லை. பசுக்களுக்குத் தெரியப்போவதில்லை என்றான். ஆனால் மாமியார் அவனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். கோழிக் கால் அவனுக்கு வந்தது. அவன் "ஓகே, மாமி" என்றான்.

கடுதாசி என்றால் செபமாலை அண்ணை. கோட்-டெ-நேஜ்ஜில் ஒரு சலூனுக்கு மேலே ஒற்றை அறையில் இருந்து முப்பத்தைந்து வருடமாகச் சனத்துக்குப் படிவம் நிரப்புகிறவர். அகதி விண்ணப்பம், ஸ்பொன்சர், பென்ஷன், எதுவானாலும். அவர் நிரப்பி வந்தவர்களை வைத்து ஒரு சிறிய நகரமே கட்டலாம். ராசாவின் ஆட்களுக்குப் படிவம் நிரப்புவது அவருக்கும் இதுதான் முதல் தடவை. வெளுத்த சேட்டு போட்டுக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ," என்றார். "அரசாங்கம் கேக்கிறதுக்கு மேலாலை குடுக்க வேணும். அப்பதான் சந்தேகம் வராது. கலியாண அல்பம் இருக்கோ?"

"அல்பம் என்னத்துக்கு அண்ணை?"

"ஸ்பொன்சருக்கு அதுதானே முதல் கேள்வி. பொய்க் கலியாணமோ மெய்க் கலியாணமோ எண்டு. வெள்ளைக்காரன் தாலி கட்டினது எண்டால் லண்டனிலை நம்புவாங்களோ?"

நம்பமாட்டார்கள் என்று புஷ்பராணிக்கும் பட்டது. மூன்று அல்பம் வந்தது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு படம். பொன்னுருக்கில் இருந்து தொடங்கி, பால் அறுகு வைத்து, தாலி கட்டி, அருந்ததி பார்த்து, கடைசியில் பந்தியில் கொலின் வாழையிலைக்கு முன்னால் திகைத்திருப்பது வரை. ரொறன்ரோ ஐயரிடம் முத்திரை குத்திய கடிதம் எடுத்தார்கள். செபமாலை அண்ணை பிறப்புப் பத்திரத்தையும் பதிவுப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எழுத்து, பிள்ளை பிறந்து முப்பத்திரண்டாம் நாளோ?"

"துடக்குக் கழிய வேண்டாமோ அண்ணை?"

"அதுதானே," என்று சொல்லி அவர் திகதியை அப்படியே எழுதினார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. அட்டமியில் செய்திருந்தால்தான் பிழை. பார்சல் ஆறு கிலோ வந்தது.

வைகாசி முடியப் பதில் வந்தது. ஒரு சனிக்கிழமை பின்நேரம் எல்லோரும் புஷ்பராணியின் வீட்டில் கூடினார்கள். பிள்ளைகள் இரண்டும் உள் அறையில் ரீவி பார்த்தன. செபமாலை அண்ணை சோபாவின் நுனியில் இருந்தார். சாருஜா கடிதத்தைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள்.

அல்பங்கள் மிக அழகு. மணமகளின் சேலையின் நிறத்தை அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். அவை தனியாகத் திருப்பி அனுப்பப்படும். கொலின் மார்ல்பியே பன்னிரண்டாவது வாரிசு என்பதில் ஐயம் இல்லை. ஆனால் அவருக்குப் பின் வாரிசாக எழுதியிருக்கும் மூத்த மகனை ஏற்க முடியாது. அவர் பிறந்த நாளில் பெற்றோர் சட்டப்படி மணமாகி இருக்கவில்லை. பிறகு செய்த திருமணம் பிள்ளையை மற்ற எல்லாவற்றுக்கும் சட்டபூர்வமாக்கும், பட்டத்துக்கு மட்டும் ஆக்காது. சட்டப்படியான முதல் மகன் டனிஸ்ரன் என்று திருத்திக் கையெழுத்து வைத்து அனுப்பினால் பதிவேட்டில் ஏற்றப்படும்.

உள்ளே ரீவியில் ஏதோ வெடித்தது.

"தாலி கட்டிப் பதினொரு மாசத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை," என்றாள் புஷ்பராணி. "நானூறு பேர் சாப்பிட்டவை. அதுக்கு மேலை என்ன சாட்சி வேணுமாம்?"

"நானூறு பேர் சாப்பிட்டால் கலியாணம் இல்லையாம், அம்மா. ஒரு ஆள் கையெழுத்து வைச்சால்தான் கலியாணமாம்."

"கம்பளி வித்த காசிலை பட்டம் வாங்கினவை எங்கடை பிள்ளையைப் பாத்து முறையில்லாமல் பிறந்தது எண்டு சொல்லுகினமோ?"

"இஞ்சை கியூபெக்கிலை அரைவாசிக்கு மேலை பிள்ளையள் அப்பிடித்தான் பிறக்குது," என்றாள் சாருஜா. அவள் லவாலில் கார்டரி, அதாவது குழந்தைகள் காப்பகம், நடத்துகிறவள். "என்ரை கார்டரியிலை தாய் தேப்பன் கலியாணம் கட்டின பிள்ளையளைத்தான் விரல் விட்டு எண்ணலாம். இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப நாங்களே அல்பமும் அனுப்பிக் கேக்க வைச்சிருக்கிறம்." கடிதத்தை மேசையில் போட்டாள். "எத்தினை தரம் சொன்னனான், ஒரு கிழமை நாளிலை போய்க் கையெழுத்து வைச்சிட்டு வாறம் எண்டு."

"அட்டமியிலை போய் வைக்கிறதோ?"

அப்போது அரியரத்தினம் தொண்டையைச் செருமினார். "அண்டைக்கு அட்டமி இல்லை," என்றார்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பஞ்சாங்கத்திலை இருந்தது," என்றாள் புஷ்பராணி.

"அது யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம். அதிலை இரவு எட்டு மணி மட்டும் அட்டமி எண்டு போட்டிருந்தது. யாழ்ப்பாணத்திலை எட்டு மணி எண்டால் இஞ்சை காலமை பத்தரை. எங்களுக்கு நீதிமன்றத்திலை தந்த நேரம் பின்நேரம் ரெண்டு மணி. அதுக்கிடையிலை நவமி வந்திட்டுது."

"இதை அப்ப ஏன் சொல்லேல்லை?"

அரியரத்தினம் கொஞ்சம் யோசித்தார். "நீ கேக்கேல்லை," என்றார். நவமியும் ஆகாது என்று சொல்ல புஷ்பராணி வாய் எடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினாள்.

செபமாலை அண்ணை இப்படி எத்தனையோ வீட்டில் இருந்திருக்கிறார். அழுகிறவர்கள் அழுது முடிக்கும்வரை பேனையைத் திறக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். இங்கே யாரும் அழுகிறதாகத் தெரியாததால் திறந்தார்.

"தங்கச்சி, இதிலை ஒண்டும் முழுகிப்போகேல்லை. பட்டம் வீட்டை விட்டுப் போகேல்லை. மூத்தவனுக்குப் பதிலா இளையவன். ரெண்டும் உங்கடை பேரன்தானே. ஒரு பேரை வெட்டி ஒரு பேர் எழுதினால் சரி. அஞ்சு நிமிசம்."

புஷ்பராணி கொலினைப் பார்த்தாள். அவன் முழங்கையை முழங்காலில் ஊன்றிக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாட்டுக்குச் சுகமில்லை என்றால் அவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

"எனக்கு இது ஆரம்பத்திலேயே வேண்டியிருக்கவில்லை," என்றான் இங்கிலிஷில், மெதுவாக, அவளுக்கு விளங்க வேண்டும் என்று. "நீங்கள் சந்தோசப்பட்டீர்கள். அதற்காகத்தான் செய்தேன். இப்போதும் நீங்கள் சொல்லுங்கள், மாமி. கையெழுத்து வைக்கச் சொன்னால் வைக்கிறேன்."

கையெழுத்து வைத்தால் பஸ் தரிப்பிடத்தில் நிமிர்ந்து நிற்கலாம். மூத்தவன் என்று சொன்னது இளையவன் என்று மாறியிருக்கும், அவ்வளவுதான். அனுசூயாவுக்கு எந்தப் பேரன் எவன் என்று எப்போதும் குழப்பம்.

"அண்ணை," என்றாள் புஷ்பராணி. "அந்தப் பதிவேட்டிலை மூத்தவனை என்னெண்டு போடுவினம்?"

"போடவே மாட்டினம்."

"பேர்?"

"பேர் வராது. கொலின், மகன் டனிஸ்ரன். அவ்வளவுதான்."

"அதை ஆரும் எடுத்துப் பாக்கலாமோ?"

"பாக்கலாம். இப்ப எல்லாம் இன்ரநெற்றிலைதானே கிடக்குது."

அந்த நேரம் பார்த்துப் பிருந்தன் வெளியே வந்தான். யூஸ் எடுக்க என்று வந்தவன் குளிர்ப்பெட்டிக்குப் போகாமல் நின்றான். கதவு திறந்தே கிடந்திருக்கிறது. அவன் தமிழை விளங்கிக்கொள்வான், கதைக்கும்போது மூன்று மொழியையும் போட்டுக் குழைப்பான். 'ஏன்' என்பதை மட்டும் எப்போதும் பிரெஞ்சில்தான் கேட்பான்.

"அம்மம்மா, டனிதான் சேராம், நான் இல்லையாம். புர்க்குவா?"

சாருஜா எழும்பினாள். புஷ்பராணி கையைக் காட்டி அவளை இருத்தினாள்.

"உன்ரை அம்மாவும் அப்பாவும் ஒரு கடுதாசியிலை கையெழுத்து வைக்க இருந்தவை. நான்தான் நாள் சரியில்லை, நேரம் சரியில்லை எண்டு பிந்திப் பிந்தி விட்டனான். அதுக்குள்ளை நீ பிறந்திட்டாய். அந்தக் கடுதாசி முந்தி இருந்தால்தான் தருவினமாம்."

"அப்ப நான் ஒண்டும் பிழை செய்யேல்லையா?"

"நீ என்னத்தைச் செய்தனி? டொக்டர் சொன்ன நாளிலை பிறந்தனி. பிந்தினது நான்."

பிருந்தன் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தான். "டக்கோர், சரி," என்று சொல்லி, யூஸ் இரண்டு எடுத்துக்கொண்டு, ஒன்று தம்பிக்கு, உள்ளே போனான்.

புஷ்பராணி கதவு சாத்துப்படும்வரை பார்த்திருந்தாள்.

"அண்ணை, பேனையை மூடுங்கோ."

"சின்னவனுக்கும் வேண்டாமோ?"

"வேண்டாம்."

"தங்கச்சி, அவசரப்படாதேங்கோ. நானூறு வருசமா வந்த பட்டம்."

"வரட்டும். ஒரு வீட்டிலை ஒரு பிள்ளைக்கு அழைப்புச் சொல்லி மற்றப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டால், அவையின்ரை கலியாணத்துக்கே நாங்கள் போறேல்லை. இதுக்குப் போறதோ? ரெண்டு பேருக்கும் சொன்னால் வருவம். இல்லாட்டி ஒருத்தரும் வாறேல்லை எண்டு எழுதுங்கோ."

"அப்பிடி எழுத ஏலாது."

"அப்ப எழுதாதேங்கோ. பேசாமல் விடுங்கோ. பிறகு வளர்ந்து ரெண்டு பொடியளும் தங்களுக்குள்ளை அடிபட்டு என்னவாவது செய்யட்டும். என்ரை கையாலை ஒருத்தன்ரை பேரை வெட்டேலாது."

கொலினுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. அவன் கடிதத்தை நாலாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்துவிட்டு, செபமாலை அண்ணையின் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான். பதினொரு வருடத்தில் அவன் அந்த அடுப்படிக்குள் நுழைய அனுமதி கேட்காதது அதுதான் முதல் தடவை. புஷ்பராணி அவனைக் கழுவி முடிக்க விட்டாள். பிறகு போய்க் கோப்பையைத் திரும்பக் கழுவினாள்.

லண்டனுக்கு ஒன்றும் போகவில்லை. பதிவேட்டில் பதினொராவது சேருக்குக் கீழே வெறுமையாகக் கிடக்கிறது என்று அரியரத்தினம் பார்த்துச் சொன்னார். வீட்டுக்குள் விஷயம் அத்தோடு முடிந்தது. வெளியே முடியவில்லை.

ஆடி மாதம் ஒரு வெயில் நாளில், ஷெர்புரூக்கில் நூற்றைந்தாம் நம்பர் பஸ்ஸுக்கு நின்றபோது அனுசூயா வந்தாள்.

"என்னங்க, அந்த சர் பட்டம் வந்துடுச்சா?"

புஷ்பராணி இதற்கு இரண்டு பதில் செய்து வைத்திருந்தாள். ஒன்று, அவர்கள் தந்தார்கள், நாங்கள் வேண்டாம் என்றோம். ஆனால் ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று அனுசூயா கேட்பாள். புரொபெசர் வீட்டுக்காரி. ஐந்து நிமிடத்தில் பிள்ளை பிறந்த திகதிக்கு வந்து நிற்பாள், மாலைக்குள் அது தெரு முழுக்கப் போகும். மற்றது, இன்னும் வரவில்லை, வரும் என்பது. அதைச் சொன்னால் சாகும்வரை இதே தரிப்பிடத்தில் இதே கேள்வி.

"கிடைக்கேல்லை," என்றாள். "கடுதாசியிலை பிழை."

"யார் பண்ணின பிழை?"

"நான்தான். நிக்க வேண்டிய இடத்திலை நிக்காமல், எல்லாத்தையும் நானே செய்யிறன் எண்டு வெளிக்கிட்டுக் குழப்பிப்போட்டன்."

"நீங்களா?"

"ஓம். என்ரை பிழை."

அறுபத்தேழு வருடத்தில் அந்த வசனம் அவள் வாயில் இருந்து வெளியே வந்ததில்லை. சொல்லி முடித்ததும் தன் காதுக்கே வேறு யாரோ பேசியது போல இருந்தது. அனுசூயாவின் முகம் விளக்குப் போட்டது மாதிரி ஆனது. பாவம், அவளும் ஐந்து மாதமாக இருட்டில் இருந்தவள்.

"அடடா. இந்த மாதிரி வேலையெல்லாம் படிச்சவங்க கையில விட்டுடணுங்க. எங்க வீட்டுல அவர்தான் எல்லா ஃபாரமும் பாப்பார். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீங்க."

"கேட்டிருக்கலாம்," என்றாள் புஷ்பராணி.

"மனசுல வெச்சுக்காதீங்க. பேரன் ஏமாந்துட்டானா?"

"அவனுக்கு ஒண்டும் இல்லை. பல்லுக் கம்பி கழட்டிற சந்தோசத்திலை நிக்கிறான்."

அனுசூயா அவள் தோளில் தட்டிக்கொடுத்தாள். பிறகு, துக்க வீட்டில் கொஞ்சம் பொறுத்துப் பேச்சை மாற்றுவது போல, கைப்பையைத் திறந்து தொலைபேசியை எடுத்தாள். ஹர்ஷ் பாஸ்டனுக்கு வெளியே புது வீடு வாங்குகிறான். ஏரிப் பக்கம். படம் இருக்கிறது. தூரத்தில் பஸ் சிவப்பு விளக்கில் நின்றது. புஷ்பராணி மூக்குக்கண்ணாடியைப் போட்டு, படத்தைக் கிட்டப் பிடித்து, பதினைந்து வருடத்தில் ஒருமுறையும் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"எத்தினை பாத்ரூம்?"